திறந்த காப்பக வடிவத்தில் சுருக்கத்தை எப்படி ஆவணப்படுத்துவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஜிப் போலப் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கும் திறந்த காப்பகக் கோப்பு வடிவம் ஒன்றை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஹெடர், கோப்புப் பட்டியல், பெயர்களின் எழுத்துக் குறியாக்கம், நேரம், அனுமதிகள் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு எழுதிவிடுகிறார்கள். அடுத்து "சுருக்கம்" என்று ஒரு தலைப்பு வரும். அதற்குக் கீழே என்ன எழுதுவது? "டிஃப்ளேட் பயன்படுத்தப்படுகிறது" என்று சுருக்க முறையின் பெயரை மட்டும் சொல்லும் ஒரு வரி போதுமா? பிட் பிட்டாக விளக்க வேண்டுமா? கோட் தான் திறந்து கிடக்கிறதே, வேண்டியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

ஒரு வடிவம் திறந்ததா என்பதை உரிமம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்களைத் தெரியாத ஒருவர், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், பல வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றை எடுத்து, ஆவணத்தை மட்டும் வைத்து ஒரு டிகோடர் (சுருக்கியதை விரிக்கும் நிரல்) எழுதி, உள்ளே இருப்பதைப் பிழையில்லாமல் வெளியே எடுக்க முடிய வேண்டும். ஹெடரில் தெளிவில்லை என்றால் பத்துக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்து ஊகித்துவிடலாம். சுருக்கிய தரவில் அது நடக்காது. ஒரு பிட் தவறினாலும் அதற்குப் பின் வருவதெல்லாம் குப்பை. அதனால்தான் இந்தத் தலைப்புக்கு மற்றவற்றை விட அதிக கவனம் தேவைப்படுகிறது.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஏற்கெனவே இருக்கும் வெளித் தரத்தைச் சுட்டுவது, முழு விளக்கத்தையும் நீங்களே உரையாக எழுதுவது, மாதிரி நிரலையே ஆவணமாக வைப்பது, இயந்திரம் படிக்கும் வடிவ விளக்கம் எழுதுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: இரண்டாவது டிகோடரை வேறொருவர் தனியாக எழுத முடியுமா? முதல் டிகோடர் எப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் என்கோடர் (சுருக்கும் நிரல்) எழுதியவரே அதையும் எழுதியிருப்பார். ஆவணத்தின் தரம் இரண்டாவதில்தான் தெரியும்.

அடுத்தது, விளிம்பு நிலைகள். காலியான கோப்பு, பாதியில் அறுந்த தரவு, வேண்டுமென்றே சிதைத்த தரவு என்று வரும்போது டிகோடர் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறதா? இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரே கோப்பை வைரஸ் ஸ்கேனர் ஒரு விதமாகவும், விரிக்கும் மென்பொருள் வேறு விதமாகவும் படித்தால், அந்த இடைவெளி வழியாகத்தான் தாக்குதல் உள்ளே வருகிறது.

மூன்றாவது, முரண்பாடு வந்தால் எது செல்லும்? உரை ஒன்று சொல்கிறது, கோட் வேறொன்று செய்கிறது. யார் சரி? இதற்குப் பதில் இல்லாத ஆவணங்கள்தான் அதிகம்.

நான்காவது, பராமரிப்புச் சுமை. எழுதும் நாளில் ஆகும் உழைப்பை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஐந்து வருடம் அதைச் சரியாக வைத்திருக்க ஆகும் உழைப்பு கணக்கில் வருவதில்லை.

கடைசியாக, உரிமம். ஆவணத்தைப் படித்துவிட்டு எவரும் எந்த உரிமத்திலும் நிரல் எழுதலாமா, அல்லது ஆவணமே அவர்களைக் கட்டிப்போடுகிறதா?

## வழி 1: வெளித் தரத்தைச் சுட்டுவது

சுருக்கத்துக்கு ஓர் எண் கொடுத்து, "இந்த எண் என்றால் இந்தத் தரம்" என்று எழுதிவிடுவது. ஜிப் வடிவம் இப்படித்தான் வளர்ந்தது. ஃபில் காட்ஸின் பிகேவேர் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட அந்த வடிவத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பைட் முறை எண் உண்டு. 0 என்றால் சுருக்கவில்லை, 8 என்றால் டிஃப்ளேட், 12 பீஜிப்2, 14 எல்ஜெட்எம்ஏ, 93 ஜெட்ஸ்டாண்டர்ட், 95 எக்ஸ்ஜெட். வடிவம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் அல்காரிதம் மாறிக்கொண்டே வரலாம்.

இதன் பலம் வெளிப்படை. பலரும் படித்துத் திருத்திய ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா மொழிகளிலும் லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது டிகோடர் எழுதுபவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. புதிய வடிவங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இதன் மறைமுகச் செலவு, சுட்டிய தரமும் உங்கள் வடிவமும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை எழுதாமல் விட்டால் வெளித் தரம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

டிஃப்ளேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிஃப்ளேட் தரவு மூன்று விதமாக நடமாடுகிறது. எந்த உறையும் இல்லாமல் (ஆர்எஃப்சி 1951; ஆர்எஃப்சி என்பது எண் போட்ட இணையத் தர ஆவண வரிசை), இரண்டு பைட் ஹெடரும் நான்கு பைட் அட்லர்-32 செக்சமும் (தரவு சிதைந்ததா என்று சரிபார்க்கும் எண்) சேர்ந்த ஜெட்லிப் உறையில் (ஆர்எஃப்சி 1950), குறைந்தது பத்து பைட் ஹெடரும் எட்டு பைட் வாலும் கொண்ட ஜீஜிப் உறையில் (ஆர்எஃப்சி 1952). ஜிப் உறை இல்லாததைப் பயன்படுத்துகிறது. பிஎன்ஜி படங்களில் ஜெட்லிப் உறை. "டிஃப்ளேட்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

எச்டிடிபி-யில் இது உண்மையாகவே நடந்தது. அங்கே "டிஃப்ளேட்" என்ற பெயருக்கு ஜெட்லிப் உறையோடு சேர்ந்தது என்றுதான் தரத்தில் பொருள். பெயரைப் பார்த்த சிலர் உறை இல்லாமல் அனுப்பினார்கள். 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110 கூட, அப்படித் தவறாக அனுப்புகிறவை உண்டு என்று ஒரு குறிப்புப் போட வேண்டியிருந்தது.

எல்ஜெட்எம்ஏ இன்னும் சிக்கல். தனி எல்ஜெட்எம்ஏ கோப்பில் 13 பைட் ஹெடர்: ஐந்து பைட் அமைப்புகள், எட்டு பைட் விரித்த அளவு. ஜிப்புக்குள் அதே தரவு வரும்போது விரித்த அளவு அங்கே கிடையாது. இரண்டு பைட் பதிப்பு எண், இரண்டு பைட் அமைப்பின் நீளம், அப்புறம்தான் அந்த ஐந்து பைட். முடிவுக் குறி இருக்கிறதா என்பதை ஜிப் ஹெடரின் பொதுக் கொடிகளில் ஒரு பிட் சொல்கிறது. 7-ஜிப் வடிவத்தில் அமைப்புகள் தரவோடு ஒட்டாமல் வேறு இடத்தில் இருக்கின்றன. அல்காரிதம் ஒன்றுதான், பொருத்திய விதம் மூன்று.

அதனால் வெளித் தரத்தைச் சுட்டுகிறவர் எழுத வேண்டியது ஒரு வரி அல்ல, ஒரு பத்தி. இதை இணைப்பு விதி என்று வைத்துக்கொள்வோம். ஜெட்ஸ்டாண்டர்டுக்கு நான் இப்படி எழுதுவேன் (உறுப்பு என்பது காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு கோப்பு, ஃபிரேம் என்பது தனியாக விரிக்கக்கூடிய ஒரு சுருக்கத் துண்டு, வெளி அகராதி என்பது இரு பக்கமும் முன்பே வைத்திருக்கும் தரவு, விண்டோ என்பது டிகோடர் திரும்பிப் பார்க்க வேண்டிய முந்தைய தரவின் அளவு, சிஆர்சி-32 ஒரு வகைச் செக்சம்):

> முறை எண் 2: ஜெட்ஸ்டாண்டர்ட், ஆர்எஃப்சி 8878-ன்படி. ஓர் உறுப்பின் தரவு சரியாக ஒரே ஒரு ஃபிரேம். ஃபிரேம் முடிந்த பின் பைட் மிச்சம் இருந்தால் கோப்பு தவறானது. தாண்டிப் போகும் ஃபிரேம்களுக்கு அனுமதி இல்லை. வெளி அகராதிக்கு அனுமதி இல்லை. அகராதி எண் குறிப்பிட்ட ஃபிரேமை டிகோடர் மறுக்க வேண்டும். விண்டோ அளவு 8 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. ஃபிரேமின் சொந்த செக்சம் கட்டாயமில்லை. இருந்தால் சரிபார்க்க வேண்டும். உறுப்பு ஹெடரில் உள்ள சிஆர்சி-32, விரித்த பின் கிடைக்கும் பைட்டுகளின் மீது கணக்கிட்டது. விரித்த அளவு ஹெடரில் சொன்னதைத் தாண்டிய உடனே டிகோடர் நிறுத்த வேண்டும்.

இதில் ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் பின்னாளில் கேட்கப்போகும் கேள்விக்கான பதில். 8 மெகாபைட் என்பது அந்த ஆர்எஃப்சி-யே பரிந்துரைக்கும் அளவு. பரிந்துரையைக் கட்டாயமாக்குவதுதான் இங்கே நாம் செய்யும் வேலை. கடைசி வாக்கியம் பாதுகாப்புக்கு. டிஃப்ளேட் தரவு அதிகபட்சம் சுமார் 1032 மடங்கு வரை விரியும், மற்ற சில முறைகளில் அதற்கும் மேலே போகும். எங்கே நிறுத்துவது என்று ஆவணம் சொல்லாவிட்டால் ஒவ்வொரு டிகோடரும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தும், சில நிறுத்தவே நிறுத்தாது.

பதிப்பையும் மறக்காமல் எழுதுங்கள். ஜெட்ஸ்டாண்டர்டுக்கு 2018-ல் ஆர்எஃப்சி 8478 வந்தது. 2021-ல் 8878 அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. "சமீபத்திய பதிப்பின்படி" என்று எழுதிவிட்டால், வேறொருவர் கையில் உங்கள் வடிவத்தின் பொருளை ஒப்படைத்ததாக ஆகிவிடும்.

எப்போது சிறந்தது: சுருக்கம் உங்கள் வடிவத்தின் புதுமை இல்லை என்றால். வெளியே நல்ல, நிலையான, எண் போட்ட ஆவணம் இருக்கிறது என்றால்.

## வழி 2: முழு விளக்கத்தையும் உரையாக எழுதுவது

இதற்கு இன்றும் நான் காட்டும் மாதிரி 1996 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1951. பீட்டர் டாய்ச் எழுதியது, 17 பக்கம்தான். உலகத்தில் இத்தனை டிஃப்ளேட் டிகோடர்கள் இருப்பதற்கு அந்த 17 பக்கமும் ஒரு முக்கியக் காரணம்.

அதில் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். பைட்டுக்குள் பிட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. பைட்டுக்குள் கீழ்ப் பிட்டிலிருந்து மேலே போக வேண்டும். சாதாரண எண்களை அவற்றின் கீழ்ப் பிட் முதலில் வரும்படி வைக்க வேண்டும். ஹஃப்மன் குறிகளை (அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் கொடுக்கும் குறிகள்) மட்டும் மேல்ப் பிட் முதலில் வரும்படி வைக்க வேண்டும். ஒரே தரவோட்டத்தில் இரண்டு திசை! இதைச் சொல்லாமல் "ஹஃப்மன் குறி 5 பிட்" என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகப் படித்திருப்பார்கள். அல்காரிதத்தை விளக்குவதற்கு முன்னால் பிட் வரிசையை விளக்கியதுதான் அந்த ஆவணத்தின் அருமை. நீங்கள் உரை எழுதினால் அதே வரிசையைப் பின்பற்றுங்கள்.

ப்ராட்லி என்ற சுருக்க முறைக்கான ஆர்எஃப்சி 7932 (2016) இன்னொரு வகையில் கற்றுத் தருகிறது. ப்ராட்லிக்கு உள்ளே கட்டிய அகராதி ஒன்று உண்டு, 1,22,784 பைட். அதை "மூல நிரலில் பார்க்கவும்" என்று விடாமல், ஆவணத்தின் பின்னிணைப்பிலேயே முழுதாக அச்சிட்டிருக்கிறார்கள். படிப்பதற்கு அலுப்பாக இருக்கும், பக்கங்கள் நீளும். ஆனால் அந்த ஆவணம் கையில் இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

சரி, உரையின் மறைமுகச் செலவு என்ன? எழுதுகிறவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், அதனால் எது விடுபட்டது என்று அவருக்குத் தெரியாது. ஆர்எஃப்சி 1951 போன்ற நல்ல ஆவணத்திலேயே இதைப் பார்க்கலாம். முன்பு வந்த பைட்டுகளை, எவ்வளவு தூரம் பின்னால் போய் எவ்வளவு நீளம் நகலெடுப்பது என்று டிஃப்ளேட் குறிக்கும்; அவைதான் தூரக் குறி, நீளக் குறி. ஒவ்வொரு டைனமிக் பிளாக்கின் (தன் குறி அட்டவணையைத் தானே கொண்டுவரும் தரவுத் துண்டின்) தொடக்கத்திலும் எத்தனை தூரக் குறிகள் வருகின்றன என்ற எண் இருக்கும். அது 1 முதல் 32 வரை இருக்கலாம் என்கிறது ஆவணம். வேறோர் இடத்தில், 30, 31 ஆகிய தூரக் குறிகள் தரவில் ஒருபோதும் வராது என்கிறது. அப்படியானால் 32 குறிகளை அறிவித்து, கடைசி இரண்டுக்கும் நீளம் பூஜ்ஜியம் என்று போட்ட கோப்பு சரியா, தவறா? உரையை அப்படியே படித்தால் ஏற்கலாம். ஜெட்லிப் லைப்ரரி வழக்கமான அமைப்பில் 30-க்கு மேல் போனாலே பிழை என்று மறுத்துவிடுகிறது. சாதாரண என்கோடர் எதுவும் இப்படிக் கோப்பு உருவாக்காது என்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. தாக்குபவர் உருவாக்குவார்.

அரைகுறை உரை இன்னும் மோசம். ஜிப்பின் முறை எண் 9, டிஃப்ளேட்64. ஜிப் வடிவத்துக்கான பிகேவேரின் ஆப்நோட் ஆவணம் அதைச் சில வரிகளில் முடித்துக்கொள்கிறது: டிஃப்ளேட் போன்றதுதான், விண்டோ 64 கிலோபைட். ஆனால் வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. நீளக் குறி 285 டிஃப்ளேட்டில் 258 என்ற ஒரே நீளத்தைக் குறிக்கும். டிஃப்ளேட்64-ல் அதற்குப் பின்னால் 16 கூடுதல் பிட்டுகள் வரும். டிஃப்ளேட் விட்டுவைத்த 30, 31 தூரக் குறிகள் இங்கே உயிர் பெறுகின்றன. "அது போன்றதுதான்" என்ற சொல்லை நம்பி எழுதிய டிகோடர் சிறிய கோப்புகளில் நன்றாக ஓடும், நீண்ட பொருத்தம் ஒன்று வந்ததும் உடைந்துபோகும்.

இன்னொரு செலவு நேரம். பிட் வரிசை, அட்டவணைகள், விளிம்பு நிலைகள் எல்லாவற்றையும் எழுதி முடிக்க, நிரல் எழுதியதற்கு இணையான உழைப்பு ஆகும். அவசரத்தில் எழுதக்கூடிய விஷயம் இல்லை.

எப்போது சிறந்தது: அல்காரிதம் உங்களுடையது என்றால், அல்லது வெளியே நல்ல ஆவணமே இல்லாத அல்காரிதத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால். வடிவம் நீண்ட காலச் சேமிப்புக்கானது என்றாலும் இந்த உழைப்பு வீண் போகாது.

## வழி 3: மாதிரி நிரலே ஆவணம்

"கோட் தான் ஆவணம்" என்பதை நிரலாளர்கள் விரும்பிச் சொல்வார்கள். நிரலில் மழுப்பல் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எது வடிவத்தின் விதி, எது இந்த நிரலின் வசதிக்காகச் செய்தது, எது வெறும் பக் என்று நிரல் பிரித்துச் சொல்லாது. மூன்றும் ஒரே மாதிரி தெரியும்.

பீஜிப்2 இதற்கு நல்ல பாடம். ஜூலியன் சீவர்ட் 1996-ல் வெளியிட்ட அதற்கு முறையான விவரக்குறிப்பு அவரிடமிருந்து வரவில்லை. மூல நிரல்தான் ஆவணம். மற்றவர்கள் அதைப் படித்துத் தங்கள் டிகோடர்களை எழுதினார்கள். அந்தத் தரவில் செலக்டர்களின் (அடுத்த 50 குறிகளுக்கு எந்த ஹஃப்மன் அட்டவணை என்று சொல்லும் எண்களின்) எண்ணிக்கை 15 பிட்டில் வருகிறது, அதாவது 32,767 வரை எழுதலாம். ஆனால் ஒரு பிளாக் அதிகபட்சம் 9,00,000 பைட், 50 குறிக்கு ஒரு செலக்டர் என்பதால், நிரலுக்குள் 18,002 என்ற வரம்பு வைத்து அத்தனைக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வரம்பைத் தாண்டிய கோப்பு நினைவகத்தில் எல்லை மீறி எழுதும். 2019 ஜூனில் 1.0.7 பதிப்பு, வரம்பைத் தாண்டினால் மறுப்பது என்று அதைத் திருத்தியது. உடனே பழைய கோப்புகள் சில திறக்க மறுத்தன, ஏனென்றால் தேவைக்கு அதிகமாகச் செலக்டர்கள் எழுதும் என்கோடர்களும் உலகத்தில் இருந்தன. அடுத்த மாதமே 1.0.8 வந்தது: வடிவம் அனுமதிக்கும் அளவு செலக்டர்களை ஏற்று, மிகுதியைத் தூக்கிப் போட்டுவிடும்.

இங்கே யார் மீதும் குறை சொல்ல முடியாது. 18,002 என்பது வடிவத்தின் விதியா, நிரலின் வரம்பா? எங்கும் எழுதவில்லை. நிரலே ஆவணம் என்றால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் வடிவத்தின் விதியையும் மாற்றிவிடும் அபாயம் உண்டு.

பழைய யூனிக்ஸ் கம்ப்ரஸ் நிரலிலும் இதே கதைதான். அது குறிகளை எட்டு எட்டாகச் சேர்த்து எழுதும். குறியின் அகலம் மாறும்போது அந்த எட்டில் மிச்சமிருக்கும் இடத்தை வீணாக விட்டுவிடும். அல்காரிதத்துக்கு அது தேவையே இல்லை, அந்த நிரல் தரவைத் தேக்கி வைத்து எழுதும் முறையால் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோப்புகளைப் படிக்கிற ஒவ்வொரு டிகோடரும் அந்த வீண் பிட்டுகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் இந்த வழியை ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஓப்பஸ் ஒலி வடிவத்துக்கான ஆர்எஃப்சி 6716 (2012), நிரல்தான் முதன்மை விதி என்று வெளிப்படையாக அறிவிக்கிறது. அதிலும் டிகோடர் பகுதி மட்டுமே விதி. உரையும் நிரலும் முரண்பட்டால் நிரல் செல்லும் என்றும் எழுதியிருக்கிறது. பின்னால் 2017-ல் திருத்தம் வந்தபோது அதுவும் தனி ஆர்எஃப்சி-யாகவே வந்தது. மேலே சொன்ன மூன்றாவது அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

வேகத்துக்காக எழுதிய நிரலையும் விளங்குவதற்காக எழுதிய நிரலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். ஜெட்லிப்போடு மார்க் ஆட்லர் எழுதிய பஃப் என்ற சிறிய டிகோடர் வருகிறது. டிஃப்ளேட் வடிவத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுவதற்கென்றே எழுதியது அது. வேகத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஜெட்ஸ்டாண்டர்ட் திட்டத்திலும் கற்பதற்கென்று தனி டிகோடர் ஒன்று இருக்கிறது. உற்பத்தியில் ஓடும் டிகோடரைத் திறந்தால் அசெம்பிளி, முன்கணித்த அட்டவணைகள், நான்கு வழிக் கிளைகள் என்று இருக்கும்; அதற்குள் விதியைத் தேடுவது பெரும் பாடு. நீங்கள் நிரலை ஆவணமாக வைக்க நினைத்தால், இரண்டாவதாக ஒரு மெதுவான டிகோடர் எழுதத் தயாராக இருங்கள். அதுதான் இந்த வழியின் உண்மையான விலை. இரண்டையும் ஒரே கோப்புகளால் சோதித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

உரிமத்தையும் யோசியுங்கள். ரார் கோப்புகளை விரிக்கும் அன்ராரின் மூல நிரல் எவருக்கும் கிடைக்கிறது. ஆனால் அதை வைத்து ரார் சுருக்க அல்காரிதத்தை மறுபடி உருவாக்கக் கூடாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. ரார் 5-க்கான தொழில்நுட்பக் குறிப்பு காப்பக அமைப்பை விளக்குகிறது, சுருக்கத்தை விளக்கவில்லை. நிரல் கண்ணுக்குத் தெரிவதால் மட்டும் வடிவம் திறந்ததாகிவிடாது. உங்கள் மாதிரி நிரல் ஜிபிஎல் உரிமத்தில் (அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்வது) இருந்தால் கூட, வேறு உரிமத்தில் எழுத விரும்புகிறவர் அதைத் திறந்து பார்க்கவே தயங்குவார். ஆவணமாக இருக்கும் நிரலுக்கு மிகத் தாராளமான உரிமம் கொடுங்கள், முடிந்தால் உரிமையைத் துறந்து பொதுச் சொத்தாகவே விட்டுவிடுங்கள்.

எப்போது சிறந்தது: அல்காரிதம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் ஆரம்பக் கட்டத்தில். அல்லது கணக்கீடு மிகச் சிக்கலாக இருந்து, உரையில் எழுதினால் நிரலை விட நீளமாகிவிடும் என்ற நிலையில்.

## வழி 4: இயந்திரம் படிக்கும் வடிவ விளக்கம்

கைதாய் ஸ்ட்ரக்ட் போன்ற கருவிகளில், கோப்பின் அமைப்பை ஒரு விளக்கக் கோப்பாக எழுதினால் பல மொழிகளில் பார்சர் தானாகவே கிடைக்கும். ஹெடர்களுக்கும் பட்டியல்களுக்கும் இது அருமையான வழி. உரையில் இருக்கும் அட்டவணை தவறாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இதில் தவறு இருந்தால் கோப்பைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சுருக்கத்துக்கு இது எட்டாது. ஹஃப்மன் மரம் கட்டுவதும், முன்னால் எழுதிய பைட்டுகளைத் திரும்ப நகலெடுப்பதும் அமைப்பு அல்ல, செயல். இந்தக் கருவிகளும் அந்த இடத்தில் ஜெட்லிப் போன்ற லைப்ரரியைக் கூப்பிட்டுவிடுகின்றன. ஆக, இது தனி வழியாக நிற்காது. வழி 1-உடன் சேர்த்தால் நன்றாக வேலை செய்யும்: அமைப்பு இங்கே, சுருக்கம் வெளித் தரத்தில், நடுவில் இணைப்பு விதி. மறைமுகச் செலவு, கருவி நின்றுபோனால் உங்கள் ஆவணமும் அதோடு நிற்கும் என்பது.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | வெளித் தரம் | முழு உரை | மாதிரி நிரல் | இயந்திர விளக்கம் |
|---|---|---|---|---|
| இரண்டாவது டிகோடர் | எளிது, இணைப்பு விதி இருந்தால் | முடியும், உரை முழுமையாக இருந்தால் | முடியும், ஆனால் நகலெடுத்ததாகவே அமையும் | சுருக்கத்துக்குப் போதாது |
| விளிம்பு நிலைகள் | பெரும்பாலும் தீர்ந்திருக்கும் | எழுதியவர் யோசித்த அளவு | எல்லாவற்றுக்கும் விடை உண்டு, சரியா என்பது தெரியாது | அமைப்புக்கு மட்டும் |
| முரண்பட்டால் | தரம் செல்லும் | அறிவிக்க வேண்டும் | அறிவிக்க வேண்டும் | அறிவிக்க வேண்டும் |
| தொடக்க உழைப்பு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பராமரிப்பு | பதிப்பைக் கவனிப்பது | பிழைத்திருத்தப் பட்டியல் | இரண்டு டிகோடர்கள் | கருவியைப் பொறுத்தது |
| உரிமச் சிக்கல் | அரிது | அரிது | கவனம் தேவை | குறைவு |

## எந்த வழியானாலும் சோதனைக் கோப்புகள்

செக்சத்திலிருந்தே தொடங்குங்கள். "சிஆர்சி-32" என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஜீஜிப்பும் பீஜிப்2-வும் ஒரே பல்லுறுப்புக் கோவையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்று கீழ்ப் பிட்டிலிருந்து போகிறது, மற்றது மேல்ப் பிட்டிலிருந்து. 1 முதல் 9 வரையான இலக்கங்களை ஒன்பது ஆஸ்கி எழுத்துகளாகக் கொடுத்தால் ஜீஜிப் முறையில் 3421780262 வரும், பீஜிப்2 முறையில் 4236843288 வரும். இரண்டு பத்தி விளக்கத்தை விட, இந்த ஓர் எண்ணை ஆவணத்தில் போடுவது பயனுள்ளது. படிப்பவர் ஒரு நிமிடத்தில் தான் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்வார்.

கோப்புகளும் அப்படித்தான். பூஜ்ஜிய பைட் உறுப்பு, ஒரே ஒரு பைட், விண்டோவின் கடைசி தூரம் வரை போய் நகலெடுக்கும் பொருத்தம், அனுமதித்த அதிகபட்ச அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அதற்குச் சமமாக, மறுக்கப்பட வேண்டிய கோப்புகளும் வேண்டும்: வாலில் மிச்ச பைட், தவறான செக்சம், அனுமதியில்லாத அகராதி, பாதியில் அறுந்த பிளாக். நல்ல கோப்புகளை மட்டும் கொடுப்பவர்கள்தான் அதிகம், கெட்ட கோப்புகள்தான் டிகோடர்களை ஒன்றுபோல நடக்க வைக்கும். ஜெட்ஸ்டாண்டர்ட் திட்டத்தில், விதிக்கு உட்பட்ட ஃபிரேம்களை ரேண்டமாக உருவாக்கும் கருவியே இருக்கிறது. சாதாரண என்கோடர் ஒருபோதும் எழுதாத, ஆனால் விதிப்படி சரியான தரவு அதிலிருந்து கிடைக்கும். கேல்கரி, கேன்டர்பரி கோப்புத் தொகுப்புகளை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதற்கானவை.

## உங்களுக்கு எது

சிறு குழு, புதிய காப்பக வடிவம், சுருக்கம் வெளியிலிருந்து வருகிறது: வழி 1, ஒவ்வொரு முறைக்கும் ஒரு பத்தி இணைப்பு விதி, சோதனைக் கோப்புகள். இதில் தயங்க வேண்டியதில்லை. முறைகளைக் குறைவாக வையுங்கள். ஆவணக் கோப்புகளுக்காக ஜிப்பைச் சுருக்கி வரையறுத்த ஐஎஸ்ஓ/ஐஇசி 21320-1 (2015) தரம், சுருக்காமல் வைப்பது, டிஃப்ளேட் என்று இரண்டை மட்டுமே அனுமதிக்கிறது. நிறைய முறைகள் இருந்தால் ஒவ்வொரு டிகோடரும் வேறு வேறு பாதியை ஆதரிக்கும்.

அல்காரிதமும் உங்களுடையது, வடிவமும் நிலைபெற்றுவிட்டது: வழி 2, கூடவே படிப்பதற்கென்று எழுதிய சிறு டிகோடர். இரண்டில் எது செல்லும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். உரை செல்லும் என்று வைப்பதையே நான் விரும்புவேன். உரையைத் திருத்தும்போது அது வெளிப்படையாகத் தெரியும், நிரலைத் திருத்தும்போது ஒரு கமிட்டுக்குள் மறைந்துவிடும்.

அல்காரிதம் உங்களுடையது, ஆனால் இன்னும் மாறுகிறது: வழி 3. உரை எழுத அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வரம்புக்கும் பக்கத்தில், இது வடிவத்தின் விதியா, இந்த நிரலின் வசதியா என்று நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். பிற்பாடு உரை எழுதும்போது அந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

ஏற்கெனவே வெளியாகி, ஆவணம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வடிவத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால், உலகத்தில் உலவும் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். நிரல் என்ன அனுமதிக்கிறது என்பதை விட, உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். பீஜிப்2-வின் 1.0.8 எடுத்த முடிவு அப்படிப்பட்டதுதான்.

எந்த வழியில் போனாலும் முறை எண்களை யார் கொடுப்பது என்பதையும் சுருக்க அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். ஓர் எண் வரம்பைச் சோதனைக்கு ஒதுக்கி, அதில் எழுதிய கோப்புகளை வெளியே விநியோகிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஜிப்பில் ஜெட்ஸ்டாண்டர்டுக்கு முதலில் 20 என்ற எண் கொடுத்து, பிறகு 93-க்கு மாற்றினார்கள். அதனால் டிகோடர் எழுதுபவர் இன்றும் இரண்டு எண்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தெரியாத எண் வந்தால் டிகோடர் அந்த உறுப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை விரிக்க வேண்டுமா, கோப்பு முழுவதையும் மறுக்க வேண்டுமா என்பதற்கும் அங்கேயே ஒரு வரி எழுதுங்கள்.